காணாமல் போன சாம்பல்

சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்த சின்னுசாமிக்குப் பகீரென்றது. இன்றைக்கும் காலி. யாரோ வழித்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அது பின்வாசலில் வைத்திருந்த பெல்லட் அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகளைப் போட்டால் விசிறிக் காற்றில் புகையில்லாமல் எரியும். தினமும் சாம்பலை அள்ளிவிட்டுக் காற்றுத் துளைகளைப் பிரஷால் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். அந்த வேலையில் சின்னுசாமி வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவர் பின்வாசலுக்கு வருமுன்பே சாம்பல் மாயமாகிவிடுகிறது.

அடுத்தவன் வீட்டு அடுப்புச் சாம்பல் எதற்கு? செய்வினைக்குத்தான், வேறெதற்கு! வெள்ளிக்கிழமை மகள் சௌந்தர்யாவைப் பெண் பார்க்க ஓமலூரிலிருந்து வருகிறார்கள். எதிர்வீட்டு நர்மதா அதே மாப்பிள்ளையைத் தன் மகளுக்குக் கேட்டுப் பார்த்தவள். போதாதா? மனைவி பாப்பாயியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அவள் வாயில் எது தங்கியிருக்கிறது?

நேராக ஏரிக்கரையில் குறி சொல்லும் சாமியிடம் போனார். வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். "இந்தத் திருநீத்தை நெருப்பு எரியற எடத்துல தூவு."

பக்கத்தில் திருநீற்றுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த சாமியின் கையாள் மோகன்குமார் ஒன்றை எடுத்து நீட்டினான். திருநீறு வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருந்தது.

அடுப்பில் தூவியதும் துளை அடைத்துப் புகை கிளம்பியது. வினை வெளியேறுகிறது என்று நினைத்த சின்னுசாமி, பெரிய பொட்டலமாக வாங்கி வந்து கொட்டினார். விசிறி முனகிவிட்டு நின்றே போனது.

வெள்ளிக்கிழமை அடுப்பு எரியாமல் புகைந்ததில் சோறு பாதி வேக்காட்டில் நின்றது. கூடத்தில் ஓமலூர்க்காரர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, நர்மதா ஊட்டு கேஸ் அடுப்பை வாங்கியாரட்டுங்களா?" என்றாள் பாப்பாயி.

"அவ ஊட்டு நெருப்பு இந்த வாசப்படி தாண்டப்படாது."

மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே மகனைப் பார்த்தாள். எழுந்துவிடுவார்களோ என்று சின்னுசாமி பயந்தார். சட்டென்று மிச்சத் திருநீற்றை எடுத்து வந்து, ஏரிக்கரைச் சாமியின் பெருமையைச் சொல்லி, எல்லோர் நெற்றியிலும் பட்டையாகப் பூசினார். மாப்பிள்ளை வாயிலும் ஒரு சிட்டிகை போட்டார். அந்த அம்மாள் பக்தியோடு கண்ணை மூடி, தன் பங்குக்கும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டாள். முகம் குளிர்ந்து, பெண்ணை வரச் சொன்னாள். சின்னுசாமிக்கு உயிர் வந்தது.

அப்போது பின்வாசலில் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. திருடி அகப்பட்டாள் என்று சின்னுசாமி பாய்ந்து எழுந்தார். நர்மதாவின் குரலுக்குப் பதில் மோகன்குமாரின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

"பாப்பாயக்கா, நீங்க தெனமும் அள்ளிக்கச் சொன்ன சாம்பல் இன்னைக்கு ஏனுங்க கருத்துக் கெடக்குது? இதைத் திருநீறுன்னு மடிச்சா சாமி என்னைய வைவாருங்க."