கீழே நாலு வரிக்கு இடம்

முன்யோசனைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். துளி மேகம் இல்லாத சித்திரை வெயிலில் கக்கத்தில் குடையோடு நடப்பவர், கடைசி பஸ்ஸுக்கு அதற்கு முந்தின பஸ் போகும்போதே வந்து நின்று, "ஒருவேள இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டா?" என்று கேட்பவர், பந்தியில் இலை போடும்போதே கை கழுவும் இடம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பவர், இன்னும் கல்யாணம் ஆகாத மகளின் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் தேவலை என்று விசாரிப்பவர். நமக்கெல்லாம் கஷ்டம் வந்தால்தான் கஷ்டம். இவர்களுக்கு வராவிட்டாலும் கஷ்டம். தூக்கிவந்த குடை வீணாகிவிடுகிறதே!

இந்த இனத்தின் லட்சணங்கள் அத்தனையும் ஒரே உடம்பில் பொருந்தியவர் ஏம்பலம் என்ற ஊரில் இருக்கும் கலைவேந்தன். திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸைப் பல வருஷம் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு சரக்கு தீரப்போகிறது என்பது சரக்குக்குத் தெரியுமுன் கலைவேந்தனுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு, தீர்ந்துபோகக்கூடியது என்று அவர் பொறுப்பில் மிச்சம் இருந்த ஒரே சரக்கு அவர்தான்.

அதைப் பற்றியும் அவர் யோசிக்க நேர்ந்தது சாமிக்கண்ணுவால். சாமிக்கண்ணு அவருடைய பால்ய சிநேகிதர். கபடி ஆடிய காலத்தில் சுற்றுவட்டாரமே திரும்பிப் பார்த்த உடம்பு, சுருட்டை முடி. மாரடைப்பில் பொசுக்கென்று போய்விட்டார். துக்கத்துக்குப் போகிற வழியில், வில்லியனூர் சந்திப்பில், கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. அதைப் பார்த்த கலைவேந்தன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

யாரோ கல்யாணப் பந்தியில் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு கண் திறந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. உள்ளே இருப்பது போளியா வடையா என்று பார்த்தே சொல்லிவிடலாம். தோளுக்குப் பின்னால் யாருடைய கையோ சாம்பார் வாளியோடு நீண்டிருக்க, பேனர்க்காரர் அந்தக் கையை அழிக்கப் பார்த்து, முடியாமல் பாதியில் விட்டு, மறைக்க ஒரு மேகத்தை ஒட்டிவிட்டார். மேகத்திலிருந்து வாளி தொங்கியது. மேலே கொட்டை எழுத்தில்: 'இமயம் சரிந்தது!'

மற்றவர்கள் சாமிக்கண்ணுவின் உடலைப் பார்த்து அழுதார்கள். கலைவேந்தன் பேனரைப் பார்த்து அழுதார்.

"மனுசன் ஊருக்கு முன்னாடி கடைசியா ஒருவாட்டி நிக்கிறான். அப்பயும் வாயில சோறாடா?" என்றார், பக்கத்து வீட்டுத் தங்கவேலிடம்.

"இன்னாண்ணே பண்றது? அவசரத்துக்குக் கெடச்சதுதான போட முடியும்?" என்றார் தங்கவேல்.

அவசரத்துக்கு! ஒரு முன்யோசனைக்காரர் காதில் விழக்கூடாத வார்த்தை அது. அன்றே முடிவெடுத்துவிட்டார். தனக்கு வேண்டிய படத்தைத் தானே, சாவகாசமாக, உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுவது. வீட்டில் சொன்னால் வாயில் அடித்துக்கொண்டு அழுவார்கள். ஆகவே ரகசியமாக.

எங்கே எடுப்பது? ஸ்டூடியோவில் நீலத்திரைக்கு முன்னால் எடுத்தால் வெளிநாடு போகிறவர் மாதிரி இருக்கும். போகிற இடம் அதுவல்லவே! பாகூர்ப் பக்கம் ஒரு செல்வந்தர் புதிதாகக் கட்டியிருந்த கலை அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. உள்ளே ஓவியங்கள். வெளியே விரிந்த புல்வெளி, தூங்குமூஞ்சி மரங்கள், கல் பெஞ்சுகள், நடுநடுவே சிற்பங்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே வந்து, ஒருவரையொருவர் மரத்தைச் சுற்றித் தேடுவது போலப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஜோடிகளுக்கு நடுவில் கலைவேந்தன் குடையும் கையுமாக இடம் பார்க்கப் போனார்.

தலையில்லாத வெண்கல மனிதர் ஒருவர் நின்றார். அவர் பக்கத்தில் வேண்டாம். ஊர்வாய் சும்மா இருக்காது. வயிற்றில் ஓட்டையோடு ஒரு பெண். வேண்டவே வேண்டாம். ஆள் உயரக் கருங்கல் முட்டை ஒன்று. முன்னால் உட்கார்ந்தால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கட்டியது போல வரும். அதுவும் வேண்டாம், சாமியார் ஆக்கிவிடுவார்கள். கடைசியில் மேற்கு ஓரத்தில் ஒரு கல் பெஞ்சு அகப்பட்டது. பின்னால் மரமும் இல்லை, மாடியும் இல்லை, வானம் மட்டும். இனி எந்தப் பேனர்க்காரரும் மேகம் ஒட்ட வேண்டியதில்லை. சொந்த மேகம்.

காலையில் வந்தால் கண் கூசுகிறது, மதியம் வந்தால் வழுக்கை மின்னுகிறது, சாயங்காலம்தான் முகத்துக்கு ஒரு சாந்தம் வருகிறது என்பதையெல்லாம் நேரில் வந்து உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். பாகூரில் ஸ்டெல்லாவைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம், காதுகுத்து, முதல் நற்கருணை எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்தான் படம் எடுப்பது.

"எந்த ஃபங்ஷனுக்கு அங்கிள்? அறுவதாங் கல்யாணமா?"

"இல்லம்மா, ஒரு பொதுவான உபயோகத்துக்கு."

"ஆன்ட்டியும் வர்றாங்களா?"

"இல்ல, இது தனியா போற எடம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "தனி போட்டோம்மா. கீழ நாலு வரிக்கு எடம் வுடணும். மேல ரெண்டு மூலையும் காலியா இருக்கணும்."

மேலே இரண்டு மூலையில் இரண்டு குத்துவிளக்கு வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

இடம் முடிந்தது, நேரம் முடிந்தது, சட்டை முடிந்தது (வெள்ளை கூடாது, ரொம்பவும் தயாராக இருந்தது போல இருக்கும். இளநீலம்). முகம்தான் முடியவில்லை. சிரித்தால், போனதில் அவருக்கே சந்தோஷம் என்பார்கள். சிரிக்காவிட்டால், கடைசி வரைக்கும் சிடுமூஞ்சி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில், 'உங்களையெல்லாம் விட்டுப் போகிறேன், ஆனாலும் பரவாயில்லை' என்று சொல்கிற ஒரு கால்வாசிச் சிரிப்பு வேண்டியிருந்தது. அதைத் தினமும் குளியலறைக் கண்ணாடியில் பழகினார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. மனைவி விஜயராணி பார்த்துவிட்டார்.

புருஷன் கண்ணாடியைப் பார்த்து ஒரு பக்க உதட்டால் சிரித்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? விஜயராணியும் அதைத்தான் நினைத்தார். பிறகு, 'இந்தக் குடையையும் சேத்து எவ ஏத்துக்குவா?' என்று அந்தச் சந்தேகத்தை அவரே தள்ளுபடி செய்தார். ஆனால் மறுநாள், கலைவேந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் போன் அடித்தது. விஜயராணி எடுத்தார்.

"ஆன்ட்டியா? ஸ்டெல்லா பேசறேன். மியூசியத்துல தனியா போட்டோ எடுக்கணும்னு அங்கிள் கேட்டிருந்தாரு. கீழ நாலு வரி வரும்னாரு, இன்னா ஃபங்ஷன்னு மட்டும் சொல்ல மாட்டேன்றாரு. வரி பெருசா, சின்னதா? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி எடுப்பேன்."

விஜயராணிக்கு எந்த ஃபங்ஷன் என்று அந்த நொடியே புரிந்தது. தனிப் படம், கீழே நாலு வரி. பிறந்தது, இறந்தது, ஊர், உறவு. புருஷனுக்கு ஏதோ பெரிய நோய், டாக்டர் நாள் குறித்துவிட்டார், தன்னிடம் மறைக்கிறார்.

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அதற்குப் பதிலாக, வீட்டில் நெய் மணக்கத் தொடங்கியது. பிரஷர் என்று சொல்லி வருஷக்கணக்கில் தடைபட்டிருந்த கருவாட்டுக் குழம்பு தட்டில் வந்து உட்கார்ந்தது. "இன்னொரு வட வச்சிக்கிங்க" என்று குரல் வந்தது. டிவி ரிமோட் அவர் கைக்கே வந்தது. எப்போதும், "எங்க சுத்திட்டு வர்றீங்க?" என்று வாசலில் மறிக்கிறவர், "களைச்சிப் போயிருக்கீங்க, செத்த படுங்க" என்றார்.

சாதாரண மனிதன் என்றால் வடையைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பான். நம் ஆள் முன்யோசனைக்காரர். வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். எதற்காக இவள் இப்படி மாறினாள்? போன மாதம் பிரஷர் பார்க்கப் போனபோது, வெளியே வந்தபிறகு, "பைய வச்சிட்டேன்" என்று இவள் மட்டும் டாக்டர் அறைக்குத் திரும்பிப் போனாளே! பை எடுக்கவா அவ்வளவு நேரம்? டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். தனக்குத் தெரியாமல் இவளுக்குத் தெரிந்திருக்கிறது!

அத்தனை நாளும் அவருக்குச் சாவு என்பது நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய ஒரு படம். அன்றைக்கு முதல்முறையாக அது சாவாகத் தெரிந்தது. வடையைத் தட்டிலேயே வைத்தார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "நாளைக்கே வெச்சிக்கலாம்மா. தள்ளிப் போட வேணாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் இளநீலச் சட்டையோடு கிளம்பினார். போனில் பேசியதைக் கேட்டிருந்த விஜயராணி வாசலில் பட்டுப்புடவை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்க?"

"நானும் வரேன். எங்கன்னு கேக்கல, வரேன்."

இருவரும் வண்டியில் பாகூருக்குக் கிளம்பினார்கள். கலைவேந்தனின் முதுகில் விஜயராணி லேசாகச் சாய்ந்துகொண்டார். இதுவும் புதுசு.

கல் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டமிட்டபடி வானம் இருந்தது, மேகம் இருந்தது, வெளிச்சம் சாந்தமாக இருந்தது. முகம் மட்டும் வரவில்லை. ஸ்டெல்லா கேமராவை இறக்கினாள்.

"இன்னா அங்கிள் இப்டி முழிக்கிறீங்க? டிக்கெட் எடுக்காம பஸ்ல மாட்டின மாரி கீது. கொஞ்சம் சிரிங்க."

கால்வாசிச் சிரிப்பை வரவழைத்தார். உதடு துடித்தது. ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த விஜயராணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. புல்வெளியில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? எங்கிட்ட சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் வைத்தியம் பாத்துக்கலாம். நெலத்த வித்தாவது பாக்கலாம்!"

"எங்கிட்ட எங்க சொன்னாரு? உங்கிட்டதான சொன்னாரு!"

"எங்கிட்டயா?"

"பைய எடுக்கப் போனியே, அப்ப!"

"பைய எடுக்கத்தான் போனேன்! எனக்கு முட்டி வலின்னு மாத்திர எழுதி வாங்கினேன்!"

"அப்ப கருவாட்டுக் கொழம்பு?"

"நீதான சாவப் போறன்னு போட்டோ புடிக்க ஏற்பாடு பண்ணே! அந்தப் பொண்ணு எல்லாத்தியும் சொல்லிச்சி!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி தேடுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தது. கலைவேந்தன் மெல்ல, சாமிக்கண்ணு, பேனர், சாம்பார் வாளி என்று நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல விஜயராணியின் கண்ணீர் வற்றி, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது.

"யோவ்! ஒனக்கு ஒண்ணுமே இல்லியா? நல்லாத்தான் கீறியா? ஒரு வாரமா நான் தூக்கம் இல்லாம, சோறு எறங்காம... சாவறதுக்குப் போட்டோ எடுக்க மியூசியம் கேக்குதா ஒனக்கு? மியூசியம்!"

கலைவேந்தனுக்குத் திட்டு விழ விழ உயிர் திரும்பி வந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை! இவளுக்கு ஒன்றும் தெரியாது! வாய் தன்னால் திறந்து, கண் இடுங்கி, இருந்த நாலு முடியும் காற்றில் எழும்ப, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சிரித்தார். ஸ்டெல்லா விவரமான பெண். படபடவென்று எடுத்துத் தள்ளினாள்.

கோபம் தணிய நேரமாயிற்று. தணிந்ததும் விஜயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திரு அந்தாண்ட" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு எடுமா."

"ஒனக்கு எதுக்கு?" என்றார் கலைவேந்தன்.

"ஏன், நான் முன்னாடி போனா?"

கலைவேந்தன் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். எந்த வெளிச்சம், எந்தச் சட்டை, எந்த மேகம், எந்த மூலையில் விளக்கு. இதை யோசிக்கவே இல்லை. அவர் போட்டு வைத்திருந்த திட்டத்தில், பேனர் கட்டுவதிலிருந்து வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது வரை எல்லாம் செய்துகொண்டு விஜயராணி எப்போதும் உயிரோடுதான் இருந்தார்.

"அப்டியெல்லாம் பேசாத" என்றார்.

"நீ பேசலாம், நான் பேசக் கூடாதா?"

ஸ்டெல்லா ஒரே ஒரு முறைதான் அழுத்தினாள். அழுத முகம், பட்டுப்புடவை, மேற்கு வெயில். எந்தக் கண்ணாடியிலும் பழகாத ஒரு முகம் அப்படியே வந்து விழுந்தது. பார்த்துவிட்டு ஸ்டெல்லா கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

அந்தப் படம் இப்போது ஏம்பலம் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "எந்த ஊர்லக்கா எடுத்தீங்க?" என்று விஜயராணியைக் கேட்கிறார்கள். கலைவேந்தனின் திட்டமிட்ட படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது திட்டு வாங்கும்போது எடுத்தது. கும்பிட்ட கை, திறந்த வாய், பறக்கும் முடி, ஓரத்தில் விஜயராணியின் நீட்டிய விரல். கீழே நாலு வரி இல்லை, அரை வரிக்குக்கூட இடம் கிடையாது.

"மழ முடியட்டும், இன்னொருவாட்டி போயி ஒழுங்கா எடுக்கணும்" என்றார் கலைவேந்தன்.

"ஒண்ணும் வேணாம். இதத்தான் போடுவேன்."

"அத எப்டி போடுவ? வாயத் தொறந்துகினு..."

"போடுவேன். எந்திரிச்சி வந்து கேக்கப் போறியா?"

கலைவேந்தன் இதற்குப் பதில் சொல்ல இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன கல்யாணத்தில் யாரோ எடுத்து அனுப்பிய படத்தில் நீங்கள் மட்டும் அம்சமாக விழுந்திருந்தீர்களே, பக்கத்தில் நின்றவரைத் தோளோடு வெட்டிவிட்டு அதைக் கைபேசியில் தனியே பத்திரப்படுத்தியிருக்கிறீர்களே, அது எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. வெட்டுப்பட்ட தோள் யாருடையது என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்கு ஒரு பதிலை அப்போதே யோசித்து வைத்துவிட்டீர்கள், இல்லையா?

வாருங்கள், இந்தக் கல் பெஞ்சில் இப்படி உட்காருங்கள். குடையை ஓரமாக வையுங்கள்.