அறுபத்து மூன்று எச்சரிக்கையும் ஒரு குழந்தையும்

"சார், என் பொண்டாட்டி பேரோட வால் போய் படுக்கை நம்பர்ல ஒட்டிக்கிட்டிருக்கு!" என்று குழந்தையின் கைப்பட்டையை நீட்டினார் புது அப்பா.

புரோகிராமர் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியின் பட்டை அச்சடிக்கும் பழைய சி மொழிப் புரோகிராமைக் காலையில் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் திரையில் அறுபத்து மூன்று எச்சரிக்கைகள் கொட்டின. "எல்லாத்தையும் துடைச்சிடுறேன்" என்று வீறாப்பாகக் கிளம்பினார். முதலில் துடைத்தது, யாரோ எதற்கோ ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்தாமலே விட்ட, அறுபத்து நான்கு எழுத்து கொள்ளும் ஒரு காலி இடத்தை.

"பட்டை சரியில்லேன்னா குழந்தையை வெளியே விடமாட்டாங்களாம். கார் நிக்குது சார்!"

"ரெண்டே நிமிஷம்."

பேருக்கு ஒதுக்கிய இடம் இருபது எழுத்துக்குத்தான்; பேரை அதோடு வெட்டினார். பேர் முடிந்தது என்று சொல்ல, சி மொழியில் கடைசியில் ஒரு பூஜ்யம் வேண்டும். வெட்டிய வேகத்தில் அதுவும் போயிற்று. அடுத்த பட்டையில் பக்கத்துப் படுக்கைக்காரியின் பேரும் சேர்ந்து வந்தது.

"ஒரு குழந்தைக்கு ரெண்டு அம்மாவா?"

பதறிப்போய்ப் பூஜ்யத்தைப் பேருக்கு முன்னால் போட்டார். பட்டை வெறுமையாக வந்தது.

"இப்ப அம்மாவே இல்லையே சார்!" புது அப்பாவின் குரல் உடைந்தது. எச்சரிக்கைகள் எழுபத்தொன்று.

இருபதை நாற்பதாக்கியிருந்தால் தீர்ந்தது. பதற்றத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு, துடைத்த காலி இடத்தைத் திரும்ப வைத்தார். இருபத்தாறு எழுத்துப் பேர் முழுசாக, அம்சமாக வந்தது.

புரோகிராமர் திரையையே பார்த்தார். இருபதுக்கு மேல் வழிந்த ஆறு எழுத்தும் சத்தமில்லாமல் அந்தக் காலி இடத்தில் விழுந்திருந்தன. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் அம்மாக்கள்! ஒருத்தி பேரும் கெடவில்லையே! அவருக்கு மெய்சிலிர்த்தது.

"அடேயப்பா! நீளப் பேர் வரும்னு தெரிஞ்சே இதை எழுதினவன் பள்ளம் வெட்டி வச்சிருக்கான்! மனுஷனா அவன், மகான்!" என்று திரையைக் கும்பிட்டார். எதற்கென்று தெரியாமல் புது அப்பாவும் கும்பிட்டார்.

பட்டையை வாங்கிக் குழந்தையின் கையில் கட்டினார் தலைமை நர்ஸ்.

"இதை எழுதின கை யாரோடதுன்னு தெரிஞ்சா கண்ணுல ஒத்திக்குவேன் சிஸ்டர்" என்றார் புரோகிராமர்.

"உங்க கைதான் சார். பதினோரு வருஷம் முன்னாடி லேபர் வார்டு வாசல்ல உக்காந்து தட்டிக்கிட்டிருந்தீங்க. உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கான்னு நான் வந்து சொன்னதும் பாதியில போட்டுட்டு ஓடினவர்தான், இன்னும் முடிக்கலையே!"