பிளக்கைப் பிடுங்கிய தகப்பனின் நன்றி

மரியாதைக்குரிய மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் தங்கள் அலுவலகத்தில், கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற அடிப்படை புரோகிராமை எழுதும் கெர்னல் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் தகப்பன். போன வாரம் டெமோவின்போது பிளக்கைப் பிடுங்கியவன் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். நேரில் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். "அந்தப் பக்கமே வராதீங்கப்பா" என்று மகள் சொல்லிவிட்டதால் இந்தக் கடிதம்.

அந்த மெஷினில் எட்டு பிராசஸராம். கரண்ட் வந்ததும் ஒன்றுதான் தானாக எழுமாம், அதுதான் மற்ற ஏழையும் எழுப்ப வேண்டுமாம். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் முதலாவது அதற்காகவே காத்துக் கிடக்கும், மெஷின் மொத்தமும் நின்றுவிடும். எழாததை விட்டுவிட்டு மற்றதை எழுப்பி, பிறகு திரும்பி வந்து அதை உலுக்கிப் பார்க்கிற மாதிரி இவள் புரோகிராமை மாற்றி எழுதினாள். ஹாஸ்டல் வார்டனாக இருந்து ரிட்டயரான எனக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. டெமோ பார்க்க வரும் வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்றால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று அவள் அம்மாவிடம் அழுததையும் கேட்டேன். அந்தக் கவலையில்தான் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள்.

டப்பாவோடு வந்தவனை, "ஓரமா உட்காருங்க, எதையும் தொடாதீங்க" என்றாள். சத்தியமாக மெஷினைத் தொடவில்லை சார். போனில் சார்ஜ் இல்லை, டப்பா போய்ச் சேர்ந்துச்சான்னு என் மனைவி கேட்டுக்கிட்டே இருக்கா, சுவரோரமா ஒரு போர்டு, எல்லா ஓட்டையிலும் பிளக், ஏதோ ஃபேன் வயர்தானேன்னு ஒண்ணைப் பிடுங்கினேன். மெஷின் திரை இருண்டு போச்சு. பொண்ணு முகத்தைப் பார்த்ததும்தான் என்ன செஞ்சேன்னு புரிஞ்சுது. உடனே திரும்பச் சொருகினேன். "என்னங்க இது?"ன்னாரு கோட்டு போட்ட வாடிக்கையாளர். நீங்க கண்ணைக்கூடச் சிமிட்டாம, "இதுவும் சோதனையில ஒரு பகுதிதான். சொல்லாம கொள்ளாம கரண்ட் போனா என்ன ஆகும்னு காட்டத்தான் சாரை வரவழைச்சிருக்கோம்"னு சொன்னீங்க பாருங்க! "சார் எந்தப் பிரிவு?"ன்னு அவர் கேட்க, நான் "சாப்பாடு"ன்னேன். அதையும் சிரிச்சே சமாளிச்சீங்க.

அதுக்குள்ள திரையில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுந்து வந்துச்சு. அஞ்சாவது எழல. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அதை விட்டுட்டு ஆறு, ஏழு, எட்டுன்னு போயி, திரும்பி வந்து உலுக்குச்சு. "அஞ்சு வந்துவிட்டது"ன்னு எழுத்து வந்ததும் அந்த மனுஷன் கைதட்டி, அங்கேயே "எடுத்துக்கறோம்"னுட்டாரு. வேற ஒருத்தரா இருந்தா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாங்க; நீங்க நல்ல நாற்காலியாப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் சார் என் பொண்ணு வயிறாரச் சாப்பிட்டா. அதை எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன்.

தாங்கள் மேலும் மேலும் உயர்ந்து, பிள்ளைகளோடு நிறைவாக வாழ மனதார வாழ்த்தும்,

கெர்னல் பெண்ணின் தகப்பன்

பி.கு.: இதைப் படித்துவிட்டு மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அஞ்சாவது எழவே இல்லையாம். எழுந்ததா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே "வந்துவிட்டது" என்று காட்டும்படி அவசரத்தில் வரியை இடம் மாற்றிப் போட்டிருந்தாளாம். மறுநாளே சரிசெய்துவிட்டாள், இப்போது நிஜமாகவே எழுகிறதாம். இது தங்களுக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே தயவுசெய்து என்னிடம் எதையும் கேட்காதீர்கள்.