நாக்குக்கு எத்தனை அகல பார்டர்?

முள்ளிப்பட்டு,
வியாழக்கிழமை.

பெரணமல்லூர் மச்சான் மாணிக்கவேல் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் குமரேசன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை அபிதகுசாம்பாளும் தறியும் நலம், என் நாக்கு ஒன்றைத் தவிர. உங்கள் மூட்டுவலியின் நலத்துக்கும் பதில் எழுதவும். போனில் பேசினால் புண் பல்லில் உரசி உயிர் போகிறது, அதனால்தான் கடிதம்.

ஆறு மாதமாக ஆறாத புண்ணை, சூடான டீ பட்டது, டீ பட்டது என்று சொல்லிகினு இருந்தேன் இல்லையா, அது புற்றுநோயாம், வேலூரில் டாக்டர் அமலா என்கிற அம்மா சதையைக் கிள்ளிப் பரிசோதித்துவிட்டு, ஆபரேஷன்தான் நல்லது, ஜல்தியாகச் செய்யணும் என்றார், நீங்களோ தங்கை போனில் சொன்னதும் கத்தி பட்டால் பரவிவிடும், நாட்டு மருந்துப் பொடி போதும் என்கிறீர்கள், நான் நடுவில் மாட்டிகினு முழிக்கிறேன். புண்ணைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் பார்டராகச் சேர்த்து எடுக்கணுமாம். முப்பது வருஷமாகப் பட்டுப்புடவைக்கு பார்டர் நெய்கிறவன், என் வாய் சும்மா இருக்குமா? அவ்வளவு அகலம் எதற்கு, சின்ன பார்டராகப் போட்டால் ஆகாதா என்று கேட்டுவிட்டேன். உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மா கோபிக்கவில்லை.

"போடலாங்க. ஆனா பார்டர் குறைஞ்சா திரும்பி வந்துடும்."

பார்டர் குறைந்த புடவை கடையிலிருந்து திரும்பி வருகிற பேஜார் எனக்குத் தெரியாதா, மச்சான்? அதற்கப்புறம் நான் பேரம் பேசவில்லை.

வெட்டின இடத்தில் கைத்தோலை எடுத்து வைத்துத் தைப்பார்களாம். எந்தக் கையால் வேலை செய்வீங்க என்றார். தறியில் ஒரு கை கயிறு இழுக்கும், ஒரு கை பலகை அடிக்கும், இரண்டு காலும் மிதிக்கும், இதில் எது சும்மா இருக்கிறது என்றேன். சோறு எந்தக் கையில் என்று கேட்டார், வலது என்றேன், தோல் எடுக்க இடது கை என்று எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே யோசனை. கையில் மிளகாய்ப்பொடி பட்டால் உறைப்பதில்லையே, அப்போ கைத்தோல் வைத்த பாதி நாக்குக்குக் காரக்குழம்பு உறைக்குமா? முடி முளைக்குமா என்றும் கேட்டேன். முளைத்தாலும் முளைக்குமாம். நாக்கைச் சவரம் செய்கிற முதல் ஆள் நம் வகையறாவில் நான்தான்.

எதுவானாலும் நீங்கள் அபிதாவுக்கு அப்பா ஸ்தானம். உங்கள் சம்மதம் வராமல் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். எனக்குப் பயம் என்று துளியும் இல்லை. அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
குமரேசன்

பி.கு.: கையெழுத்தை நேற்றே போட்டுவிட்டேன். இது உங்கள் கைக்கு வரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், பயத்தில் நானும் சரி என்றுவிடுவேன், அதனால்தான் கேட்கவில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது மச்சான். வந்து பாருங்க. நான் பேசுவது புரியவில்லை என்றால், புரிந்த மாதிரி தலையாட்டிகினு உட்கார்ந்திராதீங்க. என்ன சொன்னே என்று கேளுங்க. நான் திரும்பச் சொல்கிறேன்.