செபநாயகத்தாரின் இதரைக்குலை

கொடுப்பவர்களைத் தெரியும், கொடாதவர்களையும் தெரியும். மூன்றாவது இனம் ஒன்று உண்டு: கொடுத்ததை விட்டுக் கண்ணெடுக்காதவர்கள். பார்த்ததில்லையா? தை மாசத்து அறுப்பின் திருநாளன்று உடுவில் பக்கத்துத் தேவாலயம் ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். புதுநெல்லும் பூசணியும் கரும்பும் பீடத்தின் முன்னே குவிந்திருக்க, எல்லாரும் கண்மூடிச் செபிக்கும்போது ஒருவர் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருப்பார். அவர்தான்.

நம்முடைய செபநாயகத்தார் மலாயாப் பென்சன்காரர். வருடம் முழுக்க ஓர் இதரை வாழைக்குத் தண்ணீர் இறைத்து, சாம்பல் போட்டு, காற்றுக்கு முட்டுக்கொடுத்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களையெல்லாம் முறைத்து வளர்த்த குலையைத் திருநாளுக்கு வெட்டினார். சுமந்தது மட்டும் அயல்வீட்டு நேசராஜா. பட்டுச் சால்வையில் வாழைக்கயர்க் கறை படலாமா?

தேவாலய வாசலில் யாருடையது என்று கேட்டார்கள்: "ஆற்றை குலை, அண்ணை?"

"எல்லாம் ஆண்டவற்றை," என்று தலைகுனிந்தார்.

இந்த இனத்தின் வழக்கம் அது. முதற் கேள்விக்குத் தாழ்மை, இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை. பாவம், இரண்டாவது கேள்வியை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. சுமந்தவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நேசராஜாவும் பதிலுக்குத் தலையாட்டினார்.

ஆராதனை முடிய முற்றத்தில் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். கடைக்காரத் தியாகலிங்கம் குலைக்குக் கேட்ட விலை ஒரு கூடை கத்தரிக்காய்க்கும் காணாது. செபநாயகத்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குலைக்கு இந்த விலையா? கூட்டிக் கேட்டார். தியாகலிங்கம் அதற்கு மேலே போனார். இவர் அதற்கும் மேலே. கடைசியில் கடைக்காரர் கையை விரித்தார், குலை இவருக்கே விழுந்தது. சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பாடா, இனியாவது தெரியட்டும் என்று சால்வையை உதறிப் போட்டார்.

போதகர் எழுந்தார். "இன்றைக்கு ஆகக் கூடிய விலைக்குப் போனது நேசராஜாவின்ரை காணிக்கை. அதை மனமுவந்து வாங்கின செபநாயகம் அவர்களுக்கும் நன்றி."

செபநாயகத்தார் வாயைத் திறந்தார். ஆண்டவருடையது என்று காலையில் சொன்னதை மாலைக்குள் எப்படி மாற்றுவது? மூடிக்கொண்டார்.

வீட்டுப் படலையில் மனைவி ஐரிஸ் நின்றாள். "என்னப்பா, குடுக்கக் கொண்டுபோன குலையைத் திருப்பிக் கொண்டு வாறியள்?"

"கதையாதை."

"சுமந்த மனிசன். நேசராஜா வீட்டுக்கு ஒரு சீப்பு அனுப்பட்டே?"

"அனுப்பு. ஆற்றை வாழை போட்ட குலையெண்டு சொல்லி அனுப்பு."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன திருநாளுக்கு நீங்கள் கொடுத்த பூசணிக்காயை எந்த மூலையில் வைத்தார்கள் என்று இன்னும் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால், செபநாயகத்தார் உட்காரும் வாங்கிலே அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பீடம் நன்றாகத் தெரியும்.