லண்டன் சித்தப்பா தீட்டு

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொன்னது பொய்கூட இல்லை. முழு மனதோடு நம்பினேன். அதுதான் இன்னும் கேவலம். இருபத்தேழு வயதில், என் உடம்பில் வெள்ளைக்கார ரத்தம் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு விருத்தாசலம் கடைத்தெருவில் நடந்திருக்கிறேன்.

ஆதாரம் இரண்டு. ஒன்று, என் பூனைக்கண். இன்னொன்று, எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பை. அதன் கைப்பிடி ஓரத்தில் முடி போல ஒரு வெடிப்பு. இருநூறு வருடப் பழசு என்பதற்கு அதுவே சாட்சி என்று முடிவு கட்டினேன். (பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறவன் இப்படி முடிவு கட்டலாமா என்று கேட்காதீர்கள். கட்டினேன்.)

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கென்று இருக்கும் ஓர் இணையப் பக்கத்தில் மார்கரெட் என்ற லண்டன் அம்மா எழுதியிருந்தார். அவருடைய மூதாதை தாமஸ், கம்பெனி காலத்தில் கடலூர்க் கோட்டைக்கு வேலைக்கு வந்தவராம். இங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்ததாக வீட்டில் பேச்சாம். யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

தெரியும், அந்தக் குடும்பம் நாங்கள்தான் என்று பதில் போட்டேன்.

கண்ணையும் கோப்பையையும் படம் எடுத்து அனுப்பினேன். "சுவாரசியமாக இருக்கிறது" என்று எழுதினார். அதையே அவர் பத்திரப்பதிவு செய்து கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டேன். தாமஸ் துரை குதிரையேறி, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து எங்கள் முப்பாட்டியைப் பார்க்க வந்த கதையை ஊர் முழுக்கச் சொன்னேன். குதிரையின் நிறம்கூடச் சொன்னேன். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பாவிடமும் சொன்னேன். கப்பு சாசர் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "அப்டிங்களா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஒன்பது நாள் இருக்கும்போது மார்கரெட்டிடமிருந்து செய்தி வந்தது. அவருடைய அப்பாவின் தம்பி காலமாகிவிட்டாராம். இறந்தவரின் படத்தையும் இணைத்திருந்தார். மனுஷன் வருத்தம் தெரிவித்துவிட்டுச் சும்மா இருக்கலாம் அல்லவா? நான் ஃபோனிலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர். கீழே "வருந்தும் பங்காளிகள், விருத்தாசலம்" என்று எழுதி, பெரியப்பாவில் தொடங்கி எல்லார் பேரையும் போட்டு, எங்கள் வகையறா வாட்ஸப் குழுவில் போட்டேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்துவிட்டார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்வதுதான் முறை.

"ஏன்டா, செத்தது யாரு?"

"லண்டன் சித்தப்பா."

"அப்பா வழியா, அம்மா வழியா?"

"அப்பா வழிதான் பெரியப்பா. நம்ம தாமஸ் துரை வம்சம்."

"அப்ப பங்காளி. பதினாறு நாள் தீட்டு இருக்குது. கருமாதி முடியாம பந்தக்கால் நட முடியாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீதானடா பங்காளிகள்னு எழுதி, மொத ஆளா என் பேரைப் போட்டிருக்க? நேத்து ராத்திரியே தலைக்கு ஊத்திக்கிட்டேன்டா நானு!"

பதினாறு நாள் என்றால் ஆடி பிறந்துவிடும். பிறகு ஆவணிதான். மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் எல்லாம் போச்சு. அதைவிட, பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? மதியத்துக்குள் அவளே ஃபோன் செய்தாள்.

"அந்தச் சித்தப்பாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"போட்டோல."

"என்னையும் இனிமே போட்டோலயே பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுடைய அப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். பெரியப்பாவுக்கு வணக்கம் சொன்னார். என்னிடம், "அந்தக் கோப்பையைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

குப்புறக் கவிழ்த்தார். அடியைக் கட்டைவிரலால் தடவினார். வெடிப்பை ஒருமுறை பார்த்தார்.

"இது எங்க கம்பெனி சரக்குங்க. அச்சுல ஊத்துனதே நான்தான். கைப்பிடி ஒட்டுன எடத்துல வெடிப்பு வுட்டுச்சின்னு ஒரு சூளையையே கழிச்சிக் கட்டுனோம்."

"ஆமாங்க" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கழிவுச் சாமான் கடையில நான்தான் வாங்கியாந்தேன். ஆறு வாங்குனேன். அஞ்சு ஒடைஞ்சி போச்சி."

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"நீ எங்க என்னைக் கேட்ட? அந்த லண்டன்காரம்மாவைத்தான கேட்ட?"

பெரியப்பா விடவில்லை. "சரி, கப்பு போவட்டும். கண்ணு?"

"எங்கப்பாருக்குப் பூனைக்கண்ணு. எங்க ஊரு கம்மாபுரத்துல வேணா கேட்டுப் பாருங்க" என்றாள் அம்மா.

இருநூறு வருட வம்சம், ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. குழுவில் நானே எழுத வேண்டும் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மேற்படி காலமானவர் நமக்கு எந்த வகையிலும் உறவினர் அல்லர். தீட்டு இல்லை. திருமணம் உண்டு. அனைவரும் வருக." குழுவிலிருந்த நாற்பது வீட்டுக்காரர்கள் கும்பிடு போட்டார்கள். ஒருத்தர் மட்டும் சிரிப்புப் பொம்மை போட்டார். அந்த அறிவிப்பு மணப்பெண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் அவள் என் ஃபோனை எடுத்தாள்.

மார்கரெட்டுக்கும் உண்மையை எழுதினேன். தீட்டு என்றால் என்னவென்று விளக்கவே இரண்டு பக்கம் ஆனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தேடலையும் விடவில்லை. அடுத்த வருடம் பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைத்ததாக எழுதினார். தாமஸ் துரை குதிரையே ஏறியதில்லையாம். கோட்டைக் குதிரைகளுக்குக் கொள்ளு அளந்து போடுகிற வேலையாம். குடும்பம் என்று வீட்டில் பேசிக்கொண்டதும், அவர் வளர்த்த இரண்டு நாய்களைத்தானாம்.

அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் எந்த விசேஷம் என்றாலும், "சீமையில எல்லாரும் சௌக்கியமா? கேட்டுட்டியா?" என்று என்னிடம் கேட்காமல் நாள் குறிப்பதில்லை. போன மாதம் என் தம்பி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும் நேரத்திலும் பெரியப்பா கேட்டார். நானும் விளையாட்டாக மார்கரெட் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே விடிந்திருக்கவே இல்லை. ஆனாலும் பதில் வந்தது.

"இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் தம்பி. தைரியமாக நடுங்கள்."

பெரியப்பா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார்.