ஆகாதுங்க மிஸ் நடத்திய கேம்ப்

திருப்பூரில் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆகாதுங்க மிஸ்தான். மற்ற யாருக்கும் அந்தச் சொல் வாயில் வராது. வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வேண்டும் என்று வெளிநாட்டுக்காரன் கேட்டால், நூலே இன்னும் வந்து சேரவில்லை என்றாலும் 'ஆகட்டுங்க' என்பதுதான் இந்த ஊர்ப் பழக்கம். சாயப்பட்டறைக்காரர் ஆகட்டுங்க என்பார், பிரின்டிங்காரர் ஆகட்டுங்க என்பார், அப்புறம் எல்லோரும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு எப்படியோ கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்து, வாயைத் திறந்தால் 'ஆகாதுங்க' என்று ஒருவர் சொன்னால் அவரை ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்றுதான் சொன்னது. சொல்லட்டும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. நான் அங்கே கம்ப்யூட்டர் சார், அவர் விளையாட்டு மிஸ். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. குள்ளமான உருவம், பருத்திச் சேலை, சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ, கழுத்தில் தாலிக்கு இணையாக ஒரு விசில். ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். அத்தனை 'ங்க' சேர்த்து மறுப்பார் என்பதால், தன்னை மறுத்துவிட்டார்கள் என்பதே எதிராளிக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

வருஷா வருஷம் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உடுமலைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கேம்ப்புக்குக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி தங்கவைப்பது எங்கள் பள்ளியின் பெருமை. மிஸ் வருவதற்கு முன்னால் அது நடந்த அழகே தனி. பஸ்ஸில் துணி பண்டல் மாதிரி ஏற்றிக்கொண்டு போவோம், திரும்பும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவோம். ஒரு முறை வேறு பள்ளிப் பையன் ஒருவனைப் பல்லடம் வரைக்கும் அழைத்து வந்துவிட்டோம். ஜன்னலோரமாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு நன்றாகத்தான் வந்தான். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே கேம்ப் பொறுப்பை மிஸ் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

முதல் வேலையாக, இடத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு உடுமலைக்குப் பஸ் ஏறினார். கேம்ப் நடத்துகிறவர் கௌபாய் தொப்பி போட்ட மனிதர். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு. அவர் பக்கத்திலிருந்த ஓடையைப் பெருமையாகக் காட்டி, முழங்கால் தண்ணீர்தான், சின்னக் குழந்தைகூட இறங்கலாம் என்றார். மிஸ் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஷூவோடு ஓடைக்குள் இறங்கி நடந்தார். கொஞ்ச தூரம் முழங்கால்தான். அடுத்த அடியில் ஆளைக் காணோம். கொண்டை மட்டும் மேலே மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கையில் விசில் இருந்தது, பலம் கொண்ட மட்டும் ஊதினேன். அதைக் கேட்டோ என்னவோ அவராகவே எழுந்து கரையேறி, சேலையைப் பிழிந்துகொண்டே தொப்பிக்காரரிடம் கேட்டார்:

"முழங்காலுங்களா? ஆரோட முழங்காலுங்க, ஆனையோடதுங்களா?"

ஓடைக் குளியல் அத்தோடு ரத்து.

புறப்பட வேண்டிய நாளில் டிரைவர் அண்ணனிடம் ராத்திரி எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டார். தாராபுரத்துக்குக் கல்யாண டிரிப் போய்விட்டு விடியற்காலைதான் வந்தேன், பஸ்ஸிலேயே கண்ணசந்தேன் என்று அவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மிஸ் அவரைக் கையோடு அழைத்துப்போய், காய்ச்சல் வந்த பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறையில் ஃபேனைப் போட்டுப் படுக்கவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காலையில் கிளம்ப வேண்டிய பஸ் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கிளம்பியது. எங்கள் தாளாளர், பின்னலாடைக் கம்பெனி நடத்திச் சம்பாதித்துப் பள்ளி கட்டியவர், லேட் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர் மாதிரி வராந்தாவில் குதித்தார். டிரைவர் அண்ணனோ எழுந்து சோம்பல் முறித்து, தனக்குக் கல்யாணமான பிறகு இப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்லை என்றார்.

பிள்ளைகளுக்குக் கிளிப்பச்சையில் கண்ணைப் பறிக்கிற டி-ஷர்ட் வேண்டும் என்று அடம்பிடித்து, ஏதோ ஒரு கம்பெனியில் ஆர்டர் ரத்தாகி மூட்டையாகக் கிடந்ததைத் தூக்கி வந்திருந்தார். காட்டுக்குள் ஒரு குழந்தை நின்றால் ஏரோப்பிளேனில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. தெரிந்தது. நெஞ்சில் அச்சடித்திருந்த வெளிநாட்டு வாசகமும் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை அவள் அப்பாவின் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். 'எனக்கு ஒரு பீர் போதும்' என்று வந்தது. தாளாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மிஸ் அசரவில்லை. எல்லோரும் உள்பக்கத்தை வெளியில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தையல் வெளியே தெரிய, காலர் லேபிள் கழுத்தில் ஆட, எங்கள் பள்ளி பவனி கிளம்பியது.

அதற்கு முன்னால் பெற்றோர்களுக்கு அவர் போன் போட்ட கதை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கம்பெனியில் வேலை செய்கிற அம்மா அப்பாக்கள். ஷிஃப்ட்டில் போனை எடுக்க முடியாது. மிஸ் விடுவாரா? கம்பெனி ஆபீசுக்கே போன் போட்டு, சூப்பர்வைசரைப் பிடித்து, ஆளை வரவழைத்துப் பேசுவார். அருள்புரத்தில் டெய்லராக இருந்த முத்துமாரி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், மகனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்து போனை எடுத்திருக்கிறார். உங்கள் பையன் தூக்கத்தில் நடப்பானா என்று மிஸ் கேட்டாராம். சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்த கையோடு முத்துமாரி பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டார்.

"எம்புள்ள தூக்கத்துல நடந்தா என்ன, ஓடுனா என்ன? அதக் கேக்கவா டீச்சர் வேலையில இருந்தவள எந்திரிச்சு வரச் சொன்னீக?"

"திட்டுங்க, கேட்டுக்கறேன். நடப்பானுங்களா, மாட்டானுங்களா? அதச் சொல்லீட்டுத் திட்டுங்க."

முத்துமாரி முறைத்துக்கொண்டே, எப்பவாச்சும் நடப்பான் என்றார்.

கேம்ப்பில் அன்றைக்கு ராத்திரி முத்துமாரியின் மகன் படுத்திருந்த கூடாரத்து வாசலில் மிஸ்ஸும் பள்ளி ஆயாவும் குறுக்கே பாய் விரித்துப் படுத்தார்கள். அவன் நடக்கத்தான் செய்தான். மிஸ்ஸின் கால் தடுக்கி ஆயாவின் மேல் விழுந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். காலையில் எழுந்து, என் தலையணை ஏன் குறட்டை விடுகிறது என்று கேட்டானாம். ஓடை அந்தக் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அதை மட்டும் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அவருடைய சட்டங்களிலேயே பெரிய சட்டம் ஜோடி. கேம்ப்பில் யாரும் தனியாக எங்கும் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் ஜோடி, பல் தேய்க்கப் போனாலும் ஜோடி. பிள்ளைகளிடம் 'நீ இருக்கியா' என்று கேட்க மாட்டார், 'உன்ர ஜோடி எங்க கண்ணு?' என்றுதான் கேட்பார். இன்னொரு சட்டம், பெரியவர் எவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. அது எனக்கும் சேர்த்துத்தான். ஒரு பையனுக்கு வயிற்றுவலி என்று நான் மட்டும் அவனைக் கைப்பிடித்துக் கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போனதற்கு விசில் ஊதி நிறுத்திவிட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"நீங்க தங்கமானவருங்க சார். அதுக்காவ சட்டம் மாறாதுங்க. ஆயாவையும் கூட்டிக்குங்க."

அன்றைக்கு அவரோடு பேசுவதை நிறுத்தியவன்தான், அடுத்த வருஷக் கேம்ப் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அடுத்த வருஷத்தில்தான் அது நடந்தது. தாளாளருக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதர் கேம்ப்புக்கு விருந்தாளியாக வந்தார். ஊர் ஊராக மேடையேறி, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவர். காரிலிருந்து இறங்கும்போதே கை கூப்பிக்கொண்டுதான் இறங்கினார். மத்தியானம் மைதானத்தில் பேசினார், பிள்ளைகள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தன் காட்டேஜில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தனித்தனியே பேசி, உள்ளே இருக்கிற பயத்தை எடுக்கப் போவதாகச் சொன்னார். தொப்பிக்காரர் உடனே காட்டேஜைப் பெருக்க ஆள் அனுப்பினார்.

மிஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆகாதுங்க என்றார். பேச வேண்டுமானால் இதோ இந்த வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தருகிறேன், எல்லோர் கண் முன்னாலும் பேசுங்கள் என்றார். எல்லோர் முன்னாலும் குழந்தைகள் மனம் திறக்க மாட்டார்கள் என்று விருந்தாளி சிரித்தார். திறக்காட்டிப் பரவாயில்லை, மூடியே இருக்கட்டும் என்றார் மிஸ். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தொப்பிக்காரர் தாளாளருக்குப் போன் போட்டு மிஸ்ஸிடம் நீட்டினார். அந்தப் பக்கம் தாளாளர் போட்ட சத்தம் போனைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வந்திருப்பவர் யார் தெரியுமா, நாளைக்கு நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன், நீங்கள் சொன்னதைச் செய்தால் போதும் என்றெல்லாம் சொல்லி முடிக்கும் வரைக்கும் மிஸ் பொறுமையாக 'ஆமாங்க, ஆமாங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"என்ர வேலை வேணும்னா எடுத்துக்குங்க சார். குழந்தைங்கள அனுப்ப ஆகாதுங்க."

போனைத் துடைத்துத் தொப்பிக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் காட்டேஜுக்குப் போகிற பாதையின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். விருந்தாளி பக்கத்தில் வந்து நின்று, என்னைச் சந்தேகப்படுகிறீர்களா மேடம் என்று கேட்டார். என் காதில் அது போன வருஷம் நான் கேட்ட கேள்வி மாதிரியே விழுந்தது.

"சந்தேகமெல்லாம் இல்லீங்க. நீங்க நல்லவருன்னே வெச்சுக்கலாமுங்க. நாளைக்கு ஒரு கெட்டவன் வருவானுங்க. அவனும் இப்பிடித்தான் தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு வருவானுங்க. உங்கள விட்டா அவனையும் விடோணுமுங்க."

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஆயா நாற்காலி கிடைக்காமல் பாதையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். பெரிய மனிதர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காரில் ஏறிக் கிளம்பிவிட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எங்கள் பிள்ளை எதற்கும் வரவில்லை, அது போதும். அவருக்கென்று தனியாகத் தம் போட்டிருந்த பிரியாணியைக் கிளிப்பச்சைப் பட்டாளம் ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தது.

திங்கட்கிழமை தாளாளர் மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார். அந்த விருந்தாளியிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். கேம்ப் பொறுப்பு பிடுங்கப்பட்டது, என்னிடம் கொடுக்கப்பட்டது. எனக்கும் அன்றைக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. ஆகாதுங்க சார் என்றேன். சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், யார் சொன்னது என்று.

பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் அடுத்த கேம்ப்பை வேறு ஆட்கள் நடத்துவார்கள் என்று அறிவித்தார். முதலில் எழுந்து நின்றது முத்துமாரி. போனில் கூப்பிட்டுத் தொல்லை பண்ணினார் என்று மிஸ்ஸின் மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். போச்சு என்று நினைத்தேன்.

"அந்த டீச்சர் போனா எம்புள்ள போகும். அவுக போகலேன்னா எம்புள்ள வீட்டுல கெடக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு மண்டபம் முழுக்க ஆளாளுக்கு எழுந்தார்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பானா, நிலக்கடலை ஒத்துக்கொள்ளுமா, இருட்டுக்குப் பயப்படுவாளா என்று மிஸ் துளைத்தெடுத்த அத்தனை பேரும் எழுந்தார்கள். திட்டிக்கொண்டேதான் எழுந்தார்கள். தாளாளர் வியாபாரி, கூட்டத்தின் முகம் படிக்கத் தெரிந்தவர். தண்ணீர் குடித்தார். ஆகட்டுங்க என்றார்.

மிஸ் அப்போதும் விடவில்லை. தாளாளரும் கேம்ப்புக்கு வந்து கூடாரத்தில் தங்க வேண்டும் என்றார். வந்தார். அவருக்கு ஜோடி நான். அவர் தப்பித் தவறி ஒற்றையாகப் பல் தேய்க்கக் கிளம்பினார். வழியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிறுத்தி, உங்க ஜோடி எங்கீங்க சார் என்று கேட்டாள். திருப்பூரில் பல பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், வாய் நிறையப் பேஸ்ட்டோடு திரும்பி வந்து என்னைத் தட்டி எழுப்பினார்.

பிறகு நான் வாத்தியார் வேலையை விட்டு ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் சேர்ந்தேன். இப்போது நாள் பூராவும் ஆகட்டுங்க சொல்வதுதான் பிழைப்பு. வீடு ஊரின் அந்தக் கோடியில், அவினாசி ரோட்டுப் பக்கம். சுற்றி நல்ல பள்ளிகளுக்குக் குறைவில்லை. என் மகள் மட்டும் இருட்டு விலகுவதற்கு முன் எழுந்து, பஸ் மாறி, ஊரைக் குறுக்காகக் கடந்து வீரபாண்டியில் எங்கள் பழைய பள்ளிக்கே போகிறாள். பக்கத்து வீட்டார் ஏனுங்க இவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் லேப் நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.